பார்சல் போகும் வழியில் எத்தனை கிலோ கார்பன்? சின்ன ஆன்லைன் கடைகளுக்கு ஒரு கணக்கு

ஆன்லைனில் பொருள் விற்பவர்களிடம் இப்போதெல்லாம் வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளில் இதுவும் சேர்ந்துவிட்டது: "உங்கள் டெலிவரியால் ஏற்படும் கார்பனுக்கு என்ன செய்கிறீர்கள்?" வெளிநாட்டு வாடிக்கையாளர்தான் அதிகம் கேட்கிறார். உள்ளூரிலும் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். பதிலாகப் பல கடைகள் ஒரு பச்சை இலைப் படத்தையும் "ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு மரம்" என்ற வரியையும் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று இருக்கின்றன. அதைவிட ஒழுங்காகச் செய்ய முடியும். ஆர்டர் விவரம் கையில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு வராது.

வரிசை மட்டும் முக்கியம். முதலில் எண்ணுங்கள், அப்புறம் குறையுங்கள், மிச்சத்துக்குக் கார்பன் கிரெடிட் (வேறெங்கோ அதே அளவு கார்பன் குறைக்கப்பட்டதற்கான சீட்டு) வாங்கி ஈடுகட்டுங்கள், கடைசியாக அதை நேர்மையாகச் சொல்லுங்கள். பலரும் மூன்றாவதில் தொடங்கி நேராக நான்காவதுக்குத் தாவுகிறார்கள்.

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஈரோடு மாவட்டம் சென்னிமலையிலிருந்து கைத்தறி பெட்ஷீட் விற்கும் கடை. மாதம் 400 ஆர்டர். பேக் செய்த பிறகு ஒரு பார்சல் சராசரியாக 1.2 கிலோ. பாதி தமிழ்நாட்டுக்குள், 120 ஆர்டர் பக்கத்து மாநிலங்களுக்கு, மீதி 80 டெல்லிப் பக்கம். இது கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட கற்பனைக் கடை. உங்கள் எண்களை இதன் மேல் போட்டுப் பாருங்கள்.

முதல் படி: எண்ணுவது

அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். எடையை டன்னில் எழுதி, தூரத்தைக் கிலோமீட்டரில் பெருக்கினால் டன்-கிலோமீட்டர் கிடைக்கும். எந்த வண்டியில் போகிறதோ, அந்த வண்டி ஒரு டன்-கிலோமீட்டருக்கு விடும் கார்பனை அதோடு பெருக்க வேண்டும். சரக்குப் போக்குவரத்து உமிழ்வைக் கணக்கிட 2023-ல் வந்த ஐஎஸ்ஓ 14083 என்ற சர்வதேசத் தரம் உண்டு. பெரிய நிறுவனங்கள் அதன்படி செய்கின்றன. அதன் அடியில் ஓடுவதும் இதே பெருக்கல்தான்.

லாரிக்கு எவ்வளவு? ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் (இங்கே சுருக்கமாகக் கார்பன் என்று சொல்வதெல்லாம் இதைத்தான்). லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் லாரியில் 9 டன் பாரம் இருந்தால் டன்-கிலோமீட்டருக்கு 75 கிராம் வருகிறது. ஆனால் கூரியர் லாரிகள் எடையால் நிறைவதற்கு முன்பே இடத்தால் நிறைந்துவிடும், திரும்பும்போது பாதி காலியாகவும் வரும். ஆகவே 100 கிராம் என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு. உள்நாட்டுச் சரக்கு விமானத்துக்கு 1 கிலோ, அதாவது 1,000 கிராம். லாரியைப் போல் பத்து மடங்கு. ரயிலில் போனால் லாரியின் கால்வாசிக்கும் கீழே வந்துவிடும்.

இப்போது பெட்ஷீட்டை அனுப்புவோம். சென்னைக்குச் சாலை வழியே 400 கிலோமீட்டர். 0.0012 டன்னை 400-ஆல் பெருக்கினால் 0.48. அதை 100-ஆல் பெருக்கினால் 48 கிராம். டெல்லிக்கு லாரியில் 2,500 கிலோமீட்டர் என்று வைத்தால் 300 கிராம். அதே பெட்ஷீட் கோயம்புத்தூரில் விமானம் ஏறினால் சுமார் 2,000 கிலோமீட்டர்தான். ஆனாலும் 2,400 கிராம். ஒரே பெட்ஷீட், ஒரே வாடிக்கையாளர், எட்டு மடங்கு வித்தியாசம்.

கடைசி மைலை மறந்துவிடக் கூடாது. டெலிவரி செய்யும் தம்பி பெட்ரோல் பைக்கில் ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் சுற்றுகிறார், 60 பார்சல் கொடுக்கிறார் என்று வையுங்கள். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் வண்டி. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ. கணக்குப் போட்டால் பார்சலுக்குச் சுமார் 50 கிராம் வருகிறது. ஈரோட்டிலிருந்து சென்னை வரை லாரியில் வந்ததற்கு 48 கிராம், சென்னைக்குள் சுற்றுவதற்கு 50 கிராம்! வீட்டில் ஆள் இல்லை என்று தம்பி மறுநாளும் வர வேண்டியிருந்தால் அது இரட்டிப்பாகும். உங்கள் வாசலில் பிக்கப் எடுக்கும் வண்டிக்கு ஒரு 10 கிராம் சேர்த்து, எல்லாப் பார்சலுக்கும் இரு முனைகளுக்கும் 60 கிராம் என்று பொதுவாக வைத்துவிடலாம்.

மாதக் கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டுக்குள் எல்லாவற்றையும் சென்னை தூரம் என்றே வைத்துக்கொண்டால் 200 பார்சலுக்கு, தலா 108 கிராம் வீதம் 21.6 கிலோ. பக்கத்து மாநிலங்களுக்குச் சராசரி 600 கிலோமீட்டர் என்று வைத்தால் தலா 132 கிராம், 120 பார்சலுக்கு 15.8 கிலோ. டெல்லிப் பக்கம் போகும் 80-ல் பாதி லாரியில் போகிறது, 14.4 கிலோ. மீதி 40 மட்டும் விமானத்தில். அதற்கு மட்டும் 98.4 கிலோ.

மொத்தம் 150 கிலோ. அதில் மூன்றில் இரண்டு பங்கு, பத்தில் ஒரு பங்கு ஆர்டர்களால் வருகிறது. முதல்முறை இந்தக் கணக்கைப் போடும் கடைக்காரர்கள் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். "எல்லா டெலிவரியையும் பசுமையாக்கப் போகிறேன்" என்று கிளம்பத் தேவையில்லை. அந்த 40 பார்சலைப் பிடித்தால் போதும்.

அப்புறம் ஆர்டிஓ, அதாவது அனுப்பியவருக்கே திரும்பும் பார்சல் (ரிட்டர்ன் டு ஆரிஜின்). கேஷ் ஆன் டெலிவரி கொடுக்கும் எல்லோருக்கும் இந்த வலி தெரியும். போன பார்சல் வாங்க ஆளில்லாமல் திரும்பி வருகிறது. மாதம் 40 திரும்புகிறது என்று வைத்து, தலா 150 கிராம் போட்டால் இன்னும் 6 கிலோ. மொத்தம் 156. நாம் எடுத்த எண்கள் எல்லாம் தோராயம். அதனால் நமக்குச் சாதகமாகக் குறைத்துப் போட்டுவிடாமல் 25 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். மாதம் 195 கிலோ, வருடம் 2.34 டன். கார்பன் கிரெடிட் டன் கணக்கில் விற்கப்படுவதால் வருடத்துக்கு 3 கிரெடிட்.

இதற்கு வேண்டிய விவரம் எல்லாம் உங்களிடமே இருக்கிறது. பல கூரியர்களை ஒரே இடத்தில் புக் செய்யும் அக்ரிகேட்டர் தளத்தின் டாஷ்போர்டில் ஒரு வருட ரிப்போர்ட்டை இறக்கினால் பின்கோடு, எடை, ஏர் (விமானம்) அல்லது சர்ஃபேஸ் (தரைவழி), ஆர்டிஓ ஆனதா என்பது வரை வரிசையாக வரும். ஒரு எச்சரிக்கை. அதில் இருக்கும் எடை பெரும்பாலும் பில் போட்ட எடை. பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுக்கும் வால்யூமெட்ரிக் எடை அதற்குள் ஒளிந்திருக்கும். கணக்குக்கு உண்மையான எடையை எடுப்பதா, பில் எடையை எடுப்பதா? நான் பில் எடையைத்தான் எடுப்பேன். விமானத்திலும் லாரியிலும் உங்கள் பெட்டி அடைத்துக்கொண்ட இடம் இன்னொருவருக்குக் கிடைக்காத இடம்தானே. மேலே உள்ள உதாரணத்தில் பெட்ஷீட்டை இறுக்கமாகப் பேக் செய்ததால் இரண்டு எடையும் ஒன்றாகவே இருந்தது.

பெரிய நிறுவனங்களின் அறிக்கைகளில் இது ஸ்கோப் 3 என்ற தலைப்பில் வரும். அதாவது நீங்கள் நேரடியாக எரிக்காமல், உங்களுக்காக வேறொருவர் எரித்தது. கூரியர் கட்டணம் நீங்கள் கட்டினால் அதில் நான்காவது வகை. ஏற்றுமதி வாங்குபவர் யாராவது படிவம் நீட்டினால் இந்தச் சொல் உதவும். மற்றபடி மறந்துவிடலாம்.

இரண்டாம் படி: குறைப்பது

விமானத்திலிருந்து தொடங்குங்கள். அந்த 40 பார்சல் ஏன் விமானத்தில் போகிறது? பெரும்பாலும் யாரும் முடிவு செய்ததாலல்ல. டாஷ்போர்டில் வேகமான சேவை முதலில் தெரிந்திருக்கும், அதைத் தட்டியிருப்பார்கள். பெட்ஷீட் இரண்டு நாளில் வரவேண்டும் என்று யாரும் அழுவதில்லை. சர்ஃபேஸை வழக்கமாக வைத்துவிட்டு, வேகம் வேண்டுபவர் தனியாகக் காசு கொடுத்து ஏரைத் தேர்ந்தெடுக்கட்டும். டெலிவரி நாளை மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். "3 முதல் 5 நாள்" என்று எழுதிவிட்டு எட்டாம் நாள் போனால்தான் திட்டு விழும். "7 முதல் 9 நாள்" என்று எழுதி எட்டாம் நாள் போனால் யாரும் பேசமாட்டார்கள்.

அந்த 40-ம் லாரிக்கு மாறினால் மாதம் 84 கிலோ குறைகிறது. வருடத்துக்கு ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கூட. ஒரு கிரெடிட் வாங்காமலேயே ஒரு கிரெடிட் அளவு உமிழ்வு உண்மையாகவே நடக்காமல் போகிறது. கூரியர் பில்லும் குறைகிறது. இதைவிட நல்ல ஈடுகட்டல் சந்தையில் கிடைக்காது. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை. தூர ஊர்களுக்கு அது விமானம் ஏறும். அவசரமில்லாதவற்றுக்கு அஞ்சல் துறையின் சாதாரணப் பார்சல் சேவை இருக்கிறது, கவுண்டரில் கேளுங்கள்.

பெட்டி. 40, 30, 20 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டி ஒன்று கையில் கிடைத்தது என்று 1.2 கிலோ பெட்ஷீட்டை அதில் போட்டால் வால்யூமெட்ரிக் எடை 4.8 கிலோ. நான்கு மடங்குக் கட்டணம், நான்கு மடங்கு இடம். அதையே இறுக்கி மடித்து 30, 25, 6 சென்டிமீட்டர் உறையில் வைத்தால் வால்யூமெட்ரிக் எடை 0.9 கிலோவுக்கு இறங்கி, உண்மையான 1.2 கிலோவுக்கு மட்டும் பில் வரும். பெட்டிக்குள் காற்றை அனுப்பக் காசு கொடுக்கும் பழக்கம் எத்தனை கடைகளில் இருக்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

ஆர்டிஓ-வைக் குறைப்பது தனிக் கலை. கேஷ் ஆன் டெலிவரி ஆர்டருக்கு அனுப்புமுன் வாட்ஸ்அப்பில் ஒரு உறுதிச் செய்தி, முகவரியில் அடையாள இடம், பின்கோடும் ஊரும் பொருந்துகிறதா என்ற சோதனை, நூறு ரூபாய் முன்பணம். இந்த நான்கில் முன்பணம்தான் அதிகம் வேலை செய்யும், அதுவே ஆர்டரையும் கொஞ்சம் குறைக்கும் என்பதால் பலர் தயங்குவார்கள். உங்கள் தொழில், உங்கள் முடிவு. வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்புவது வேறு. பெட்ஷீட்டில் அது பெரும்பாலும் அளவால் வரும். "டபுள்" என்று மட்டும் எழுதாமல் அங்குலத்தில் நீளம் அகலம் போட்டு, "உங்கள் கட்டிலை அளந்து பாருங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். நிறத்துக்குப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்று இருக்கட்டும்.

மின்சார வண்டியில் டெலிவரி செய்யும் கூரியர் உங்கள் ஊரில் இருந்தால் நல்லது. ஆனால் அதற்குப் பூஜ்யம் போடாதீர்கள். நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் வருகிறது, நிலக்கரி இன்னும் அதிகம் இருப்பதால். அப்படிப் பார்த்தாலும் மின்சார ஸ்கூட்டர் பெட்ரோல் பைக்கின் பாதிக்கும் கீழேதான்.

நம் கடை விமானத்தை மட்டும் நிறுத்தியது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 72 கிலோ, 25 சதவீதம் சேர்த்து 90, வருடத்துக்கு 1.08 டன். 3 கிரெடிட் வேண்டியிருந்த இடத்தில் 2 போதும்.

மூன்றாம் படி: கிரெடிட் வாங்குவது

இங்கேதான் அதிகம் ஏமாறுவார்கள். அதனால் கொஞ்சம் நின்று போவோம்.

ஒரு கார்பன் கிரெடிட் என்பது எங்கோ ஓரிடத்தில் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறாமல் தடுக்கப்பட்டது, அல்லது காற்றிலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கான சீட்டு. அதைப் பதிவு செய்து வரிசை எண் கொடுக்கும் அமைப்புகள் உண்டு. வெர்ரா, கோல்ட் ஸ்டாண்டர்ட் இரண்டும் பெரியவை. காற்றிலிருந்து எடுத்துப் பல காலம் பூட்டி வைக்கும் திட்டங்களுக்குப் புரோ டாட் எர்த் போன்றவை.

கிரெடிட்டை வாங்குவதோடு வேலை முடியாது. அதை "ரிட்டையர்" செய்ய வேண்டும். தியேட்டர் வாசலில் டிக்கெட்டைக் கிழிப்பது போல. கிழிக்காத டிக்கெட்டை நீங்கள் இன்னொருவருக்கு விற்கலாம், அவர் இன்னொருவருக்கு. ஒரே டன்னை நான்கு கடைகள் சொந்தம் கொண்டாடும். ரிட்டையர் செய்தபின் அந்த வரிசை எண் பொதுப் பதிவேட்டில் நிரந்தரமாக முடக்கப்படும். யாருக்காக முடக்கப்பட்டது என்ற இடத்தில் உங்கள் கடைப் பெயரை எழுதச் சொல்லலாம். அந்தப் பக்கத்தின் இணைப்பை வாங்கிக்கொள்ளுங்கள். விற்பவர் வண்ணச் சான்றிதழ் மட்டும் அனுப்பி, வரிசை எண் கேட்டால் மழுப்பினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

எதை வாங்குவது? ஒவ்வொரு திட்டத்திடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் கிரெடிட் பணம் வராவிட்டாலும் இது நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால் உங்கள் காசு எதையும் மாற்றவில்லை.

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தலில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். வளரும் நாடுகளின் திட்டங்களுக்குக் கிரெடிட் கொடுத்த, கியோட்டோ ஒப்பந்தத்தின் தூய்மை வளர்ச்சி முறையில் இந்தியா சீனாவுக்கு அடுத்தபடி அதிகத் திட்டங்களைப் பதிந்தது. காற்றாலைகள் அதில் கணிசம். அப்போது அந்தக் கிரெடிட் பணம் சிலவற்றுக்கு உதவியிருக்கலாம். இன்று காற்றாலையும் சூரிய மின்சாரமும் தம் காலில் லாபத்தோடு நிற்கின்றன. அதனால்தான் மிகவும் பின்தங்கிய நாடுகள் தவிர மற்ற இடங்களில் மின்கட்டமைப்போடு இணைந்த புதிய காற்றாலை, சூரியத் திட்டங்களை ஏற்பதை வெர்ராவும் கோல்ட் ஸ்டாண்டர்டும் 2020 வாக்கில் நிறுத்தின. தன்னார்வச் சந்தையின் தரத்தைப் பார்க்கும் ஒருமைப்பாட்டுக் கவுன்சிலும் 2024-ல், அப்போது புழக்கத்தில் இருந்த புதுப்பிக்கத்தக்க மின்சார முறைகளுக்குத் தன் தர முத்திரையைத் தர மறுத்தது. பழைய கிரெடிட்கள் மலிவாக இன்னும் கிடைக்கின்றன. "டன் ஒரு டாலர்" என்று வந்தால் பெரும்பாலும் இந்த ரகம். தவிர்த்துவிடுங்கள்.

காடு அழியாமல் காத்தோம் என்று விற்பவை இன்னொரு ரகம். இந்தக் காடு வெட்டப்பட்டிருக்கும், நாங்கள் தடுத்தோம் என்பது அவர்கள் வாதம். வெட்டப்பட்டிருக்குமா என்பது ஊகம். 2023 ஜனவரியில் தி கார்டியன், டீ ட்ஸைட், சோர்ஸ் மெட்டீரியல் ஆகிய மூன்று ஊடகங்களும் சேர்ந்து நடத்திய விசாரணை, வெர்ரா சான்றளித்த மழைக்காட்டுக் கிரெடிட்களில் 90 சதவீதத்துக்கு மேல் உண்மையான குறைப்பைக் காட்டவில்லை என்றது. வெர்ரா அதை மறுத்தது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்லச் சின்னக் கடைக்காரருக்கு நேரமில்லை. ஊகம் குறைவாக இருக்கும் திட்டத்துக்குப் போய்விடுவதே மேல்.

புகையில்லா அடுப்புத் திட்டங்கள் நம் நாட்டில் நிறைய. நோக்கம் நல்லது, அடுப்படியில் நிற்கும் பெண்களுக்குப் பயன் உண்டு. ஆனால் கணக்கு ஊதிப் பெருக்கப்பட்டிருக்கும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் பார்த்த அடுப்புத் திட்டங்கள் உண்மையைவிடச் சுமார் ஒன்பது மடங்கு கிரெடிட் வாங்கியிருந்தன. புது அடுப்பை வாங்கியவர் பழைய அடுப்பையும் ஒரு மூலையில் எரித்துக்கொண்டே இருப்பார் என்பது நம் வீடுகளைத் தெரிந்த எவருக்கும் ஆச்சரியமில்லை. அடுப்பில் மீட்டர் பொருத்தி, எரிந்த எரிபொருளை உண்மையில் அளக்கும் திட்டங்கள் அந்த ஆய்வில் நன்றாகவே தேறின. அடுப்புக் கிரெடிட் வாங்குவதானால் அந்த ரகத்தைத் தேடுங்கள்.

குப்பைக் கிடங்கிலிருந்து கசியும் மீத்தேனைப் பிடித்து எரிப்பது என் பார்வையில் காசுக்கு ஏற்ற ரகம். நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பம் பிடிப்பது. குழாயில் மீட்டர் வைத்து எவ்வளவு பிடித்தோம் என்று அளந்துவிடலாம். அந்த வாயுவை விற்று வரும் வருமானமோ சட்டக் கட்டாயமோ இல்லாத இடமாக இருந்தால், கிரெடிட் பணம் இல்லாமல் அது நடந்திருக்காது என்றும் ஓரளவு நம்பலாம்.

அடுத்தது பயோசார். பயிர்க்கழிவைக் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கி மண்ணில் சேர்ப்பது. நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். டன்னுக்கு நூறு டாலருக்கு மேல் கேட்பார்கள். காற்றிலிருந்து நேரடியாக உறிஞ்சும் எந்திரங்களின் கிரெடிட் பல நூறு டாலர், அது நமக்கு எட்டாது.

மரம்? எல்லோருக்கும் பிடித்தது மரம்தான். நன்றாக வளர்ந்த மரம் ஒன்று வருடத்துக்குச் சுமார் 20 கிலோ உள்ளிழுக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நட்ட கன்று அந்த நிலைக்கு வர ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் ஆடு மேயும், கோடை வரும், சாலையை அகலப்படுத்த வருவார்கள். உங்கள் பார்சலின் கார்பனோ இன்றைக்கே காற்றில் போய்விட்டது. மரம் நடுங்கள், நிழலுக்கும் பறவைக்கும் மழைக்கும். டெலிவரிக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

விலைக்கு வருவோம். பதிவேட்டில் உள்ள உருப்படியான கிரெடிட்டைச் சில்லறையாக வாங்கினால் டன்னுக்கு 15 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாங்கினாலும் 45 டாலர், சுமார் 4,000 ரூபாய். வருடத்துக்கு 4,800 ஆர்டர். ஆர்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. கைவினைப் பொருள்கள் விற்கும் ஆன்லைன் தளமான எட்சி 2019-ல் தன் தளத்தின் எல்லா டெலிவரிக்கும் தானே ஈடுகட்டத் தொடங்கியபோது, பார்சலுக்கு ஒரு சென்ட்டுக்கும் குறைவாகவே ஆகிறது என்று சொன்னது. பெரிய தளத்துக்கு மொத்த விலை. இவ்வளவு மலிவாக இருப்பதே கொஞ்சம் உறுத்தத்தான் வேண்டும். என் யோசனை, குறைத்தபின் வேண்டியிருக்கும் இரண்டில் ஒன்றை மீத்தேன் ரகத்திலும் ஒன்றைப் பயோசாரிலும் வாங்குவது. பயோசார் 150 டாலர் என்றாலும் ஆர்டருக்கு மூன்று ரூபாய் சொச்சம்தான். விமானத்தை நிறுத்தியதில் மிஞ்சிய கூரியர் காசே பெரும்பகுதியைத் தாங்கிவிடும்.

எங்கே வாங்குவது? கோல்ட் ஸ்டாண்டர்ட் தன் தளத்திலேயே ஒன்றிரண்டு டன்னாகவும் விற்கிறது, அட்டையில் கட்டலாம், ரிட்டையரும் அவர்களே செய்துவிடுவார்கள். வெர்ரா கிரெடிட்டைத் தரகர் வழியாகத்தான் வாங்க வேண்டும். வாங்குமுன் திட்டத்தின் எண்ணைப் பதிவேட்டில் போட்டுத் திட்ட ஆவணத்தைத் திறந்து பாருங்கள். எந்த ஆண்டின் கிரெடிட் என்று பாருங்கள், பத்து வருடப் பழசு வேண்டாம். பில் கடைப் பெயரில் வரட்டும். வெளிநாட்டுக்குப் பணம் போவதால் வரி விஷயத்தை உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு குழப்பங்களையும் தீர்த்துவிடலாம். 2023-ல் மத்திய அரசு அறிவித்த கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் முதலில் சிமெண்ட், அலுமினியம் போன்ற பெரிய ஆலைகளுக்கானது. அதே ஆண்டு வந்த கிரீன் கிரெடிட் திட்டம் மரம் நடுதல் போன்றவற்றுக்கான வேறு கணக்கு, டன் கார்பனை அது குறிக்காது. "அரசின் கிரெடிட், இப்போது வாங்கிப் போட்டால் விலை ஏறும்" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அதே பெட்ஷீட் சென்னையிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் போனால் 6 கிலோவைத் தொடும். சென்னைக்குப் போகும் ஐம்பது பார்சலுக்குச் சமம். டிஹெச்எல் போன்ற சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்கு, பழைய எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்த விமான எரிபொருளைத் தங்கள் வலைப்பின்னலில் சேர்த்து அந்தக் குறைப்பை உங்கள் பெயரில் எழுதித் தருகின்றன. டிஹெச்எல்லில் அதற்கு கோகிரீன் பிளஸ் என்று பெயர். உங்கள் பெட்டி போன விமானத்திலேயே அந்த எரிபொருள் இருக்காது. ஆனால் பறக்கும் துறைக்குள்ளேயே குறைப்பு நடக்கிறது என்பதால் தூரத்துக் காட்டை நம்புவதைவிட நேரடியானது. விலையைக் கேட்டுப் பாருங்கள்.

வாடிக்கையாளரிடம் செக் அவுட்டில் ஒரு பெட்டியைக் காட்டி "கார்பனுக்கு 5 ரூபாய் சேர்க்கவா?" என்று கேட்கும் செயலிகள் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆர்டருக்கு ஒரு ரூபாய் ஆகும் விஷயத்துக்கு வாடிக்கையாளரின் மனச்சாட்சியைக் கிள்ளுவானேன்? விமானம் வேண்டுமா, லாரி போதுமா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் சொல்லும் பதில்தான் கணக்கை மாற்றும்.

நான்காம் படி: சொல்வது

இவ்வளவும் செய்துவிட்டு "எங்கள் டெலிவரி 100% கார்பன் நியூட்ரல்" (கார்பன் கணக்கு பூஜ்யம்) என்று எழுதினால் எல்லாம் கெட்டது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் போலிப் பசுமை விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. பசுமை, சூழலுக்கு உகந்தது, கார்பன் நியூட்ரல் போன்ற சொற்களைப் போட்டால் ஆதாரமும் விளக்கமும் வாடிக்கையாளர் பார்க்கும்படி இருக்க வேண்டும். ஐரோப்பாவுக்கு விற்பவர்களுக்கு இன்னும் கடுமை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு உத்தரவு, ஈடுகட்டலை மட்டும் வைத்து ஒரு பொருளைக் கார்பன் நியூட்ரல் என்று சொல்வதைத் தடை செய்கிறது. 2026 செப்டம்பர் 27 முதல் அது நடைமுறை.

நம் பெட்ஷீட் கடை தன் தளத்தில் இப்படி எழுதலாம்: "2025-26-ல் எங்கள் 4,800 பார்சல்கள் சென்று சேர்ந்ததில் சுமார் 1.1 டன் கார்பன் வெளியானதாகக் கணக்கிட்டிருக்கிறோம். கூரியர் தந்த எடை, தூரத்தை வைத்துப் போட்ட தோராயக் கணக்கு இது, பேக்கிங்கும் நெசவும் இதில் சேரவில்லை. விமானத்தில் அனுப்புவதை நிறுத்தியதால் இது முன்பு இருந்ததில் பாதிக்கும் குறைவு. 2 டன் கிரெடிட் வாங்கி எங்கள் பெயரில் முடக்கியிருக்கிறோம், வரிசை எண்கள் கீழே." அதன் கீழே இரண்டு இணைப்பு. இலைப் படம் வேண்டாம்.

அந்த எண்களும் ரிப்போர்ட்டும் கிரெடிட் பில்லும் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். ஏப்ரலில் ஆடிட்டருக்குக் கணக்கு அனுப்பும் அதே வாரத்தில் புது ரிப்போர்ட்டை இறக்கிவிட்டு, முதல் வேலையாக "ஏர்" என்று வடிகட்டிப் பாருங்கள். தீபாவளி அவசரத்தில் யாரோ மறுபடி அந்தப் பட்டனைத் தட்டியிருப்பார்கள்.